பழவேற்காட்டு வீடுகள்: கல்லறைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பார்ப்போமா?

புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம். சினிமாவுக்கு இடைவேளையிலேயே எழுதிவிடுகிறோம். பிரியாணிக்கும் எழுதியாச்சு. ஆனா மூணு தலைமுறை பொறந்து வளர்ந்து செத்த ஒரு வீட்டுக்கு விமர்சனம் எழுதற வழக்கம் தமிழ்ல ஏனோ பெரிசா வரவே இல்லை. கோவில் கட்டடக் கலை பற்றி அலமாரி நிறைய இருக்கு. அரண்மனை, கோட்டை, செட்டிநாட்டு வீடுன்னா படத்தோட புத்தகம் கிடைக்கும். சாதாரண வீடுன்னா ஒண்ணு ஏக்கக் கவிதை, இல்லைன்னா அரசாங்கப் புள்ளிவிவரம். நடுவுல எதுவும் கிடையாது.

இந்தப் பதிவு அந்த நடு இடத்துக்கான முயற்சி. எடுத்துக்கொண்ட ஊர் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டி, ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இந்த ஊரைப் பற்றி இணையத்தில் தேடிப் பாருங்க. டச்சுக் கல்லறை, அதன் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள், பள்ளிவாசல் சூரியக் கடிகாரம், படகில் சூரிய அஸ்தமனம். இந்த நாலு படமும் மாறாமல் வரும். எனக்கு அந்த நாலின் மேலும் கோபம் கிடையாது. அதுக்கு நடுவுல ஆயிரக்கணக்கான பேர் குடியிருக்காங்க. அவங்க வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கு, அது நல்ல வீடா மோசமான வீடான்னு யாரும் பேசுவதில்லையே என்பதுதான் என் குறை.

சரி, ஒரு வீட்டை எதை வைத்து விமர்சனம் செய்வது? நான் மூணு கேள்வி வைத்துக்கொள்கிறேன். ஒண்ணு, எந்தப் பொருளால் ஆனது, அந்தப் பொருளின் குணம் தெரிஞ்சு கட்டினாங்களா? ரெண்டு, ஒரு பாகம் இன்னொரு பாகத்தோட எப்படிச் சேருது? மூணு, கெட்டுப்போனா யார் சரிசெய்யறது, எவ்வளவு சுலபமா? அழகு இந்த மூணுக்கும் பிறகு தானா வரும், அல்லது வராது.

அளவுகோலுக்கு ஒரு வீடு

ஒப்பிட ஒரு வெளியூர் வீடு வேணும். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியில் காகஷால் என்று ஒரு துணி வணிக ஊர். அங்கே 1509 வாக்கில் தாமஸ் பேகாக் என்ற துணி வியாபாரிக்காகக் கட்டப்பட்ட வீடு இன்றும் தெருவைப் பார்த்து நிற்கிறது. எலும்பு முழுக்க ஓக் மரச்சட்டம். மாடி கீழ்த்தளத்தைவிடத் தெருப்பக்கம் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்பில் ஓடுகிற நீண்ட உத்தரத்தில் கொடி வேலைப்பாடு.

இந்த மாதிரி வீட்டில் சுவர் பாரம் தாங்குவதில்லை என்பதைக் கவனிக்கணும். பாரம் முழுக்கச் சட்டத்துக்குத்தான். ஓக் மரத்தை ஈரம் காயும் முன்பே அறுத்து, ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் கழுந்து செதுக்கி, உள்ளே சொருகி மர ஆணி அடிப்பார்கள். மரம் காயக் காயச் சுருங்கி மூட்டு இறுகும். தச்சர் பட்டறையிலேயே எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் ரோமன் எண் மாதிரிக் கீறல் போட்டு, கழற்றி மனைக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டுவார். சட்டத்துக்கு நடுவில் உள்ள இடைவெளியைச் சாதாரண வீடுகளில் குச்சி பின்னி, வைக்கோல் கலந்த மண் அப்பி மூடுவார்கள். வசதியானவர் செங்கல் வைப்பார்.

எய்லீன் பவர் என்ற வரலாற்றாசிரியர் 1924-ல் எழுதிய புத்தகத்தின் ஒரு அத்தியாயமே இந்தத் தாமஸ் பேகாக் பற்றியது. ராஜா ராணி இல்லாத வரலாறு. அந்த மனுஷனின் வீடு, அவர் 1518-ல் இறந்தபோது விட்டுப்போன உயில், குடும்பக் கல்லறைகள் ஆகியவற்றை வைத்து ஒரு வியாபாரியின் வாழ்க்கையை அவர் திரும்பக் கட்டுகிறார். உயிலில் தனக்கு வேலை செய்த நெசவாளர்களுக்கும் துணி வெளுத்துக் கத்தரித்தவர்களுக்கும் பணம் எழுதி வைத்திருக்கிறார் பேகாக். வீடே ஒரு ஆவணம், அதைப் படிக்கத் தெரியணும் என்பதுதான் பவர் நமக்குக் காட்டிய வழி. அதே 1924-ல்தான் அந்த வீடு நேஷனல் டிரஸ்டின் கைக்கு வந்தது.

ஒரு சின்ன ஊசியும் குத்திவிடுகிறேன். இன்றைக்குப் போய் 'ஐந்நூறு வருஷ வீடு' என்று படம் எடுக்கிறோமே, அந்த முகப்பில் கணிசமான பங்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த புதுப்பித்தலின் கைவண்ணம். மரவீடு என்றாலே அப்படித்தான். அழுகின கட்டையை மாத்தி மாத்தித்தான் அது ஐந்நூறு வருஷம் நிற்கும். பழைமை என்பது அந்த வீட்டில் ஒரு தொடர் வேலை. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், குப்பத்துக்குப் போகும்போது தேவைப்படும்.

'டச்சுக்காரன் கட்டினது'

பழவேற்காடும் துணி வணிக ஊர்தான். டச்சுக்காரர்கள் இங்கே 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரைக்கே தலைமையிடமாக வைத்திருந்தார்கள். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. கடைசியாக 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இங்கிருந்து கப்பல் ஏறியது துணி மட்டுமில்லை, அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும்தான். துணியின் ஞாபகம் மலாய் மொழியில் இன்னும் உயிரோட இருக்கு. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்குப் பேரே 'காயின் பெலிகாட்'. பழவேற்காட்டின் ஐரோப்பியப் பெயரான புலிகாட்தான் அந்தப் பெலிகாட்.

அப்போ காகஷாலில் பேகாக் வீடு நிற்கிற மாதிரி இங்கே ஒரு துணி வியாபாரியின் வீடு நிற்க வேண்டாமா? கோட்டை மண்மேடாகப் புதர் மண்டிக் கிடக்கு. நிற்பது கல்லறைகள்தான். இருந்தாலும் ஊருக்குள்ள எந்தப் பழைய தடிச்ச சுவரைக் காட்டினாலும் 'டச்சுக்காரன் கட்டினது சார்' என்ற பதில் வந்துவிடும்.

அப்படிச் சொல்லப்பட்ட ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. முஸ்லிம் வணிகக் குடும்பத்தின் பழைய வீடு, இப்போ பாதி பூட்டிக் கிடக்கு. திண்ணை, பூவேலை செய்த நிலைக்கதவு, உள்ளே முற்றம். நான் பார்க்கப் போனது தலைக்கு மேலே. வரிசையாகத் தேக்குக் கட்டைகள், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இடைவெளி. கட்டைகளுக்கு மேலே மெல்லிய செங்கற்களைப் படுக்கையாகப் போடாமல், குத்துவாக்கில், மூலைவாட்டமாக அடுக்கியிருந்தார்கள்.

பார்த்தவுடனே தெரிஞ்சிடும், இது மெட்ராஸ் டெரஸ். மரக்கட்டைக்கு மேலே குத்துக்கல், நடுவில் சுண்ணாம்புச் சாந்து, அதுக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய தளம், மேலே தட்டோடு. சென்னைப் பக்கம் சிமெண்ட் வருவதற்கு முன் கட்டிய ஆயிரக்கணக்கான மெத்தை வீடுகளின் தலை இதுதான். சாந்தில் கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்ப்பது நம்ம கொத்தனார்களின் பழைய பழக்கம். பழவேற்காட்டில் சுண்ணாம்புக்கு அலையவே வேண்டாம். ஏரியின் அடியிலேயே கிளிஞ்சல் படிவம் உண்டு. அதைத் தோண்டிச் சுட்டால் சுண்ணாம்பு.

அந்த வீட்டுக்கு டச்சுக்காரர் எதற்கு? திண்ணையும் முற்றமும் இந்த மண்ணின் திட்டம். தளம் இந்தக் கரையின் கொத்தனார் வேலை. 'டச்சு' என்ற ஒரு சொல் அந்தத் தச்சரையும் கொத்தனாரையும் சுண்ணாம்பு அரைத்த பெண்களையும் ஒரே வீச்சில் துடைத்துவிடுகிறது. பேகாக்கின் நெசவாளர்களாவது உயிலில் இடம் பிடித்தார்கள். நம்மாட்கள் சொந்த ஊர்க் கதையில்கூட இடம் பிடிக்கவில்லை.

விமர்சனமாகச் சொன்னால், பொருளறிவில் இந்த வீட்டுக்கு முழு மதிப்பெண். மூட்டும் நல்ல மூட்டுதான், ஆனா ஒரே ஒரு பலவீனம். தேக்குக் கட்டையின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும். மொட்டை மாடியில் ஒரு விரிசல் விழுந்து தண்ணி இறங்கினால், அழுகல் கண்ணுக்குத் தெரியாத அந்த நுனியில்தான் தொடங்கும். மேலே சிமெண்ட் பூசி அடைப்பது வழக்கமான வைத்தியம். அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்துக் கட்டையைச் சீக்கிரம் கொல்லும். மூணாவது கேள்வியில்தான் வீடு தோற்கிறது. சுண்ணாம்புத் தளம் அடிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுபடியாகாது. அதனால் வீடு விலைக்குப் போகும். வாங்குகிறவர் தேக்குக் கட்டையையும் கதவையும்தான் வாங்குகிறார். வீட்டை இல்லை.

குப்பத்து வீடு

இப்போ தண்ணிப் பக்கம் போவோம். ஏரியையும் கடலையும் ஒட்டிய மீனவர் குப்பங்களில் பழைய முறை வீடு மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அதுலயும் பல வீடுகளில் தார்ப்பாயும் பிளக்ஸ் பேனரும் மேலே ஏறிவிட்டன. கட்சித் தலைவர்கள் மழைக்குக் குடை பிடிக்கிறார்கள், அந்த அளவுக்கு நல்லதுதான்.

கூரைக்கு அடியில் குனிந்து உள்ளே போய் மேலே பாருங்க. நடுவில் முகட்டு விட்டம், இரண்டு பக்கமும் சரிகிற பனங்கைகள், குறுக்கே வரிச்சு, மேலே பனையோலை அல்லது கீற்று. சில இடங்களில் பனைக்குப் பதில் சவுக்குக் கழி. மூட்டுகளில் ஆணி குறைவு, கயிறு அதிகம். வலை கட்டுகிற கைகளுக்கு முடிச்சு போடச் சொல்லித்தர வேண்டுமா? சுவர் இடுப்பளவு மண்ணோ, ஓலைத் தட்டியோ. இங்கேயும் பாரம் மரச்சட்டத்துக்குத்தான், சுவர் வெறும் மறைப்பு. இலக்கணப்படி பேகாக் வீட்டுக்கும் இதுக்கும் உறவுமுறை சொல்லலாம். அது பணக்காரப் பெரியப்பா, இது ஏழைச் சித்தப்பா.

பனை ஓக் மாதிரி இல்லை. ஓக்கில் வைரம் உள்ளே, பனையில் வைரம் வெளியே. நடுவில் சோறு மாதிரி மெத்தென்று இருக்கும், ஓரத்தில் கருத்த நார் இறுகிக் கிடக்கும். அதனால் பனையைப் பிளந்து, நடுப்பகுதியை நீக்கி, வெளிப்பட்டையிலிருந்து கை எடுப்பார்கள். இளம் மரத்தை வெட்டினால் வைரம் பாய்ந்திருக்காது, பூச்சி தின்றுவிடும். இது தெரிந்தவர் வெட்டிய கை கூரையைப் பல தடவை மாற்றினாலும் அப்படியே இருக்கும். இன்னொரு வேடிக்கை: ஓக்கின் ஆண்டு வளையத்தை எண்ணி அது எந்த வருஷம் வெட்டப்பட்டது என்று ஆராய்ச்சியாளர் சொல்லிவிடுவார். பனைக்கு வளையமே கிடையாது. எந்தக் கூடத்திலும் அது தன் வயசைச் சொல்லாது. நம்ம வீடுகளுக்கு வரலாறு இல்லை என்று தோன்றுவதில் மரத்துக்கும் ஒரு பங்கு இருக்கு.

கூரை ஏன் அவ்வளவு தாழ்வு? காற்றுக்குத்தான். நாலு பக்கமும் சரிந்து, எரவாணம் கிட்டத்தட்டத் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கினால் புயல் காற்று உள்ளே புகுந்து தூக்க இடம் குறைவு. அந்த எரவாணத்தில்தான் துடுப்பு, தூண்டில், அரிவாள், சீப்பு எல்லாம் சொருகி வைப்பார்கள். பீரோவும் அதுதான்.

இன்னொரு குணத்துக்குப் பழவேற்காட்டில் தனி மதிப்பு உண்டு. கயிற்றை அவிழ்த்தால் வீடு கழன்றுவிடும். முகத்துவாரம் நகரும், மணல் அரிக்கும், கரை மாறும். சட்டத்தைப் பிரித்துத் தள்ளிக் கட்டிக்கொள்ளலாம். 1969-க்குப் பிறகு விண்வெளி மையத்துக்காக ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. நகரக்கூடிய வீடு இந்த மக்களுக்கு வெறும் வசதி இல்லை, அனுபவம். இங்கிலாந்தின் சசெக்ஸில் வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கு. பல ஊர்களில் இடிக்க இருந்த மரச்சட்ட வீடுகளைக் கழற்றி, கொண்டுவந்து, மறுபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே அது பாரம்பரியப் பாதுகாப்பு. இங்கே அது தற்காலிகக் குடியிருப்பு. பார்க்கிற கண்ணாடிதான் வேற.

ஆனா நிறுத்துங்க. இந்த இடத்துல நகரத்து ஆள் ஒருத்தர் உணர்ச்சிவசப்பட்டு 'ஆஹா, என்ன குளிர்ச்சி, என்ன இயற்கை' என்று ஆரம்பிப்பார். குப்பத்தில் நான் பேசிய ஒரு அக்கா ஒரே வரியில் முடிச்சாங்க: "நீங்க ஒரு ஐப்பசி மாசம் வந்து தங்கிப் பாருங்க தம்பி." ஓலை வருஷா வருஷம் பார்த்தாகணும், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தியாகணும். ஓலை விலை, வேய்கிற கூலி, இரண்டும் ஏறிப்போச்சு. எலி, அது பின்னாடி பாம்பு. பிள்ளை புத்தகம் நனையும். கூரை வீடுன்னா பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்க. எல்லாத்துக்கும் மேலே நெருப்பு. ஒரு அடுப்புப் பொறி போதும், வரிசையே போயிடும்.

நெருப்பைப் பற்றி இங்கிலாந்துக்காரருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1666 தீவிபத்துக்குப் பிறகு லண்டனில் வீடு என்றால் செங்கல் அல்லது கல் என்று சட்டமே போட்டார்கள். தமிழ்நாட்டில் ஓலையின் தலையெழுத்தை எழுதியது ஒரே வருஷம், 2004. ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கீற்றுக் கூரை என்ற சொல்லே அதன்பிறகு பயமாகிவிட்டது. டிசம்பரில் சுனாமி. இந்த இரண்டுக்கும் பிறகு கடற்கரையில் 'நல்ல வீடு' என்றால் கான்கிரீட் என்பது விவாதத்துக்கு அப்பாற்பட்ட விஷயமாகிவிட்டது. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அது நியாயமான பயம்.

கான்கிரீட் வீடு

அப்ப மூணாவது வீட்டையும் அதே மூணு கேள்வியில் நிறுத்துவோம். சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில் கட்டிக்கொடுத்த வீடுகள் பெரும்பாலும் 325 சதுர அடிக்குள், கான்கிரீட் தளம், வரிசை வரிசையாக. இடி மழைக்கு நிம்மதியாகத் தூங்கலாம். பூட்டிவிட்டுப் போகலாம். பட்டா இருக்கு, பெண்கள் பேரிலும் இருக்கு. இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. அந்த அக்காவின் ஐப்பசிக் கேள்விக்கு இந்த வீடு சரியான பதில் சொல்கிறது.

பொருளுக்கு வருவோம். கான்கிரீட்டின் எதிரி உப்பு. உப்புக் காற்றில் உள்ள குளோரைடு மெதுவாக உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கடற்கரைக் குடியிருப்புகளில் கூரையிலிருந்து பெயர்ந்து விழுகிற சிமெண்ட் பத்தைகளுக்கு முக்கியக் காரணம் இதுதான். இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடற்கரைச் சூழலுக்கு எம்-30 தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடலும் கேட்கிறது. மூணு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கம்மி. பழைய குடியிருப்பில் விரிசல் விட்ட இடத்தில் பாருங்க, கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்குன்னு. பல இடத்துல ஒரு விரல் மொத்தம்கூட இருக்காது. மிஞ்சிப்போனால் அந்த வீட்டுக்கு உவர்த் தண்ணியில் கலவை போட்டிருப்பார்கள்.

மூட்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, எல்லாம் ஒரே வார்ப்பு. அதனாலேயே மூணாவது கேள்வியில் இதுவும் திணறுகிறது. பனங்கை ஒண்ணு உளுத்தால் அந்த ஒரு கையை உருவி வேற சொருகலாம், வீட்டுக்காரரே செய்துகொள்வார். உள்ளே துருப்பிடித்த தளத்தை யார் உருவுவது? ஓலைக் கூரை அடிக்கடி கெட்டு, மலிவாகச் சரியாகும். கான்கிரீட் தாமதமாகக் கெட்டு, மொத்தமாகக் கெடும். மீனவக் குடும்பத்தின் வருமானம் பாடு கிடைக்கிற நாளைப் பொறுத்து ஏறி இறங்குவது. எந்த மாதிரிச் செலவு அந்த வருமானத்துக்கு ஒத்துப்போகும் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

திட்டத்திலும் குறை. வலை உலர்த்த, பின்ன, மீன் பிரிக்க, மத்தியானம் படுக்க நிழலுள்ள வெளியிடம் வேணும். திண்ணை அதைத்தான் செய்தது. அது இல்லாததால் மக்கள் என்ன செய்தார்கள்? கான்கிரீட் வீட்டுக்கு முன்னால் நாலு கம்பு நட்டு ஒரு ஓலைச் சாய்ப்பு இறக்கிவிட்டார்கள். சமையல், அரட்டை, வேலை எல்லாம் அங்கே. பீரோ, டிவி, மழைநாள் தூக்கம் உள்ளே. இந்தச் சாய்ப்பை அதிகாரிகள் 'ஆக்கிரமிப்பு' என்பார்கள், புகைப்படக்காரர்கள் தவிர்ப்பார்கள். என்னைக் கேட்டால் இந்த ஊரில் இன்றைக்கு எழுதப்படுகிற கட்டடக் கலை விமர்சனத்திலேயே கூர்மையானது அதுதான். வாய் திறக்காமல், கம்பும் கயிறும் வைத்து எழுதிய விமர்சனம்.

நாகப்பட்டினம் கரையில் சுனாமி மறுகட்டுமானத்தை ஆராய்ந்த ஜெனிஃபர் டுயின் பாரன்ஸ்டைன் போன்றவர்களும் இதையே பதிவு செய்திருக்கிறார்கள். சேதமே ஆகாத பழைய வீடுகளும், சுற்றியிருந்த மரங்களும்கூடப் புதிய குடியிருப்புக்காக அகற்றப்பட்டன. அழிவு இரண்டு முறை வந்தது, ஒன்று அலையாக, ஒன்று ஒப்பந்தமாக.

அப்போ என்னதான் செய்யணும்?

இப்போது நடப்பது சும்மா அழகியல் சண்டை இல்லை. 2030-க்குள் குடிசை இல்லாத தமிழ்நாடு என்று 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் 2024-ல் அறிவிக்கப்பட்டது. 8 லட்சம் வீடுகள், வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய். இந்தத் திட்டத்தின் அளவில் ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கு. மொத்தம் 360 சதுர அடி. அதில் 300-க்குத்தான் கான்கிரீட் தளம் கட்டாயம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேற கூரையைப் பயனாளியே தேர்ந்தெடுக்கலாம்.

அந்த 60 சதுர அடிதான் எனக்கு இதில் நம்பிக்கை தருகிற இடம். குப்பத்துச் சாய்ப்புக்கு அரசாணை திறந்துவிட்ட கதவு அது. பனங்கையும் நாட்டு ஓடும் போட்டு ஒரு நல்ல திண்ணை இறக்கலாம். ஓடு எரியாது, ஓலையைவிட நாள் தாங்கும், உடைந்தால் ஒண்ணே ஒண்ணு மாத்தலாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேணும் என்று 2021-ல் அரசு அறிவித்தது நல்ல விஷயம்தான். ஆனா புயலில் விழுந்த, காய்ப்பு நின்ற மரங்கள் செங்கல் சூளைக்குப் போகாமல் திண்ணைக்கு வர ஒரு வழியும் கூடவே யோசிக்கணும். கான்கிரீட் பகுதிக்கு அந்த 45 மி.மீ. மூடலைப் பயனாளிகளே கேட்டு வாங்கப் பழகணும். கொத்தனாரிடம் ஒரு சின்ன ஸ்கேலை நீட்டினாலே போதும்.

பாதுகாப்புச் சட்டத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. டச்சுக் கல்லறை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010 சட்டத் திருத்தப்படி அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வாங்கணும். செத்தவருக்கான மரியாதை சரி. ஆனா பக்கத்துத் தெருவில் உளுத்துக்கொண்டிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கு அதே சட்டம் கட்டுப்பாட்டை மட்டும்தான் தருகிறது, ஒரு கட்டை மாத்தக் காசு தருவதில்லை. இங்கிலாந்தில் 1947 முதல் மக்கள் குடியிருக்கும் சாதாரண வீடுகளையும் பட்டியலிட்டுக் காக்கிறார்கள், லட்சக்கணக்கில். அங்கே ஓலை வேய்ந்த, மண் அப்பிய வீடுகளும் அந்தப் பட்டியலில் உண்டு. நம்ம கணக்கெடுப்பில் ஓலையும் மண்ணும் சேர்ந்தால் அந்த வீடு 'தற்காலிகம்'.

என் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேக்குத் தள வீடு, சிறந்த வேலை, ஆனா பழுதுபார்ப்பவர் இல்லாத வேலை. பனங்கை வீடு, புத்திசாலியான சட்டம், பரிதாபமான மேல்துணி. சட்டத்தை வைத்துக்கொண்டு துணியை மாற்றியிருக்கலாம், நாம் இரண்டையும் சேர்த்து எரித்தோம். கான்கிரீட் வீடு, நல்ல நோக்கம், உப்பைப் பற்றி யோசிக்காத கட்டுமானம். மூன்றில் எதிலும் குடியிருப்பவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

படிக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல, உங்க பாட்டி வீட்ல, மரக்கூரையோ மெத்தையோ இன்னும் இருந்தா, முகப்பைப் படம் எடுக்காதீங்க. மேலே நிமிர்ந்து பார்த்து, கை எங்கே விட்டத்தில் உட்காருதோ அந்த மூட்டைப் படம் எடுங்க. அந்த மூட்டுக்கு, அந்தக் கட்டைக்கு உங்க வீட்டுப் பெரியவங்க என்ன பேர் சொல்றாங்கன்னு கேட்டு எழுதி வைங்க. வேய்ந்தவர் இன்னும் உயிரோட இருந்தா அவர்கிட்டயும் கேளுங்க. வளையம் இல்லாத பனைக்கு வயசு சொல்ல அந்தச் சொற்களை விட்டால் வேற சாட்சி கிடையாது.